ஆறு வாசிப்புகள்

தலவாக்கலையில் மழை விட்டபாடில்லை.
கண்ணாடியில் ஆவி படர்ந்து
எதிர்மலைத் தேயிலை அழிந்து போயிருந்தது.
கொழுந்தில் கொப்புளம் போட்ட பூஞ்சணத்திலிருந்து
எழுநூற்றுப் பன்னிரண்டு எழுத்துகள் எடுத்திருந்தோம்.
எதன் துண்டு என்று தெரியாது.

முதலில் எழுத்தை எழுத்தோடே தேடினேன்.
உலகத்துச் சேமிப்பையெல்லாம் துழாவிவிட்டு
ஒப்பானது எதுவுமில்லை என்றது திரை,
கந்தோர் யன்னலுக்குள்ளிருந்து
தலை நிமிராமல் சொல்வது போல.

புரதமாக மாற்றித் தேடிப் பாரேன் என்றாள் துலாஞ்சலி,
பிளாஸ்க்கைத் திறந்துகொண்டே.

மும்மூன்றாய் வெட்டவேண்டும்.
எங்கே வெட்டத் தொடங்குவது என்பதுதான் வழக்கு.
முதலெழுத்திலிருந்து ஒரு வாசிப்பு,
ஒன்றைத் தள்ளி ஒன்று, இரண்டைத் தள்ளி ஒன்று.
இழையின் மறுபக்கத்தை
எதிர்த்திசையில் இன்னும் மூன்று.
முதல் நான்கிலும் அடிக்கொரு நட்சத்திரம்:
நில். நில். நில்.
ஆறாவது தொடங்கியதுமே நின்றது.
ஐந்தாவது மட்டும்
மூச்சு விடாமல் கடைசிவரை ஓடியது.

விடை வரும்போது நாலு மணி.
ஏதோ குளிர்நாட்டில், பூச்செடி இலையைத் தின்னும்
வேறொரு பூஞ்சணத்தின் நொதியம்.
ஒற்றுமை நாற்பத்தொரு வீதம்.
தற்செயலாய் இப்படி அமைய
தசமப் புள்ளிக்குப் பின் இருபத்தேழு பூச்சியம்,
அப்புறம் ஓர் ஆறு.

இரண்டின் எழுத்துகளையும் அருகருகே வைத்தேன்.
இங்கே சீ டீ டீ. அங்கே சீ டீ ஜீ.
கொஞ்சம் தள்ளி டீ டீ ஏ.
எல்லாம் லியூசின்தான்.
எழுத்து வழுக்கியிருக்கிறது,
பொருள் வேரைப் பிடித்து நின்றிருக்கிறது.

அடையாள அட்டையில் அப்பா மருதவீரன்.
தோட்டத்துச் செக்ரோலில் மருதவீரம்.
கலியாணப் பதிவில், யார் கைவண்ணமோ,
மாருதிவீரன்.
முப்பத்தொரு வருடம் கவ்வாத்து வெட்டியவர்
ஒரே ஆள்தான்.
சேமலாப நிதிக்காக
ஹட்டனுக்கு ஆறு தரம் போய்விட்டோம்.
அங்கே எழுத்தை எழுத்தோடேதான் பார்ப்பார்கள்.
நாற்பத்தொரு வீதத்துக்கே
இங்கே உறவு கொண்டாடுகிறோம், அப்பா.

கோப்பு பெயர் கேட்டது.
நொதியம் என்று தட்டிவிட்டு
முன்னால் போய் 'இருக்கலாம்' சேர்த்தேன்.
சோதிக்கும்வரை அப்படித்தான் எழுதவேண்டும்.

ஐந்து பத்துக்கு பஸ்.
நாளைக்கு லீவு கேட்டிருக்கிறேன்.
ஏழாந்தரம்.