கிணறுகள் என்ன செய்தன

பாடப்புத்தகம் அதற்கு ஒதுக்கியது நாலு வரி.
லிஸ்பன், நவம்பர் ஒன்று, பிறகு ஒரு படம்:
சரியும் கோபுரத்தடியில்
கையை உயர்த்தி நிற்கும் யாரோ.
போன வருட மாணவர்கள்
அந்த ஆளுக்கு மீசை வரைந்து வைத்திருந்தார்கள்.

பெர்ரிப் பண்ணைகளின் பிளாஸ்டிக் கூடாரங்கள்
ராத்திரி முழுக்கப் படபடக்கும் ஊர் இது.
சமையல் மேடையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிய சூப்.
"நிலநடுக்கம், பத்தாம் வகுப்பு" என்று தேடினேன்.
எரிமலை பொங்கும் கார்ட்டூன் வந்தது,
காசு கேட்கும் வினாடி வினா வந்தது,
முரசு அதிர, எல்லாம் தெரிந்த ஒரு குரல் வந்தது.
பதினோரு மணிவாக்கில் ஒரு ஆவணக் காப்பகத்துக்குள் விழுந்தேன்.
விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்,
கதவு எந்தப் பக்கம் என்று இப்போதும் தெரியாது.

ஊர் ஊராகப் பங்குத் தந்தையருக்கு
அன்றைய அரசு அனுப்பிய கேள்விகள்:
எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்?
எந்தத் திசையில் அதிகம் ஆடியது?
எத்தனை வீடு, எத்தனை உயிர்?
கடல் முதலில் ஏறியதா, இறங்கியதா?
கிணறுகள் என்ன செய்தன?

கிணறுகள் என்ன செய்தன.
இருபது வருடப் பயிற்சி முகாம்களில்
ஒருவரும் எனக்கு இப்படிக் கேட்கச் சொல்லித் தரவில்லை.

பதில்கள் பழுப்பு மையில் இருந்தன.
முப்பத்தேழாம் படத்தில் ஒரு புழு அரித்த ஓட்டை.
அடுத்ததிலும் அதே, இம்மி நகர்ந்து.
அம்புக்குறியை விடாமல் அழுத்தினால்
அது ஊர்கிறது!
எந்த நூற்றாண்டுப் புழுவோ,
அந்தக் கட்டை அட்டை முதல் அட்டை வரை
படித்து முடித்த ஒரே ஜீவன்.
தனியாகச் சிரித்தேன்.

வகுப்பில் முதலில் புழுவைத்தான் ஓட்டிக் காட்டினேன்.
இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்கள்.
பிறகு ஜசிந்தா எழுத்துக் கூட்டிப் படித்தாள்:
"விசுவாசப் பிரமாணத்தை இருமுறை சொல்லும் நேரம்."
"அது எத்தனை செகண்ட்?" என்றான் டெல்மோ.
சொல்லிப் பார்த்தோம்.
யாருக்கும் முழுசாக வரவில்லை,
எனக்கும் பாதியில் நாக்கு இடறியது.
நின்றுபோன இடத்தில் நின்றது
கிராசியெலாவின் கைபேசிக் கடிகாரம்.

அதே கேள்விகளை அச்சடித்துக் கொடுத்தேன்.
நீங்கள்தான் பங்குத் தந்தை, கற்பனையாக எழுதுங்கள்.
கை கூசாமல் கொன்றார்கள்.
டெல்மோ மட்டும் நாலாயிரம் பேர், ஒரு கழுதை.

பூல்மாயா தாமாங், கடைசி வரிசை.
எங்கள் மொழி அவளுக்கு நன்றாக வரும், பேசத்தான் மாட்டாள்.
அவள் தாள்:

பகல். பன்னிரண்டு ஆகவில்லை. சனிக்கிழமை.
பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது, அதனால் நான் இருக்கிறேன்.
எவ்வளவு நேரம்: அம்மா என் பெயரை நாலு தடவை கூப்பிடும் நேரம்.
திசை: கீழே.
வீடு: எல்லாம்.
கடல்: எங்களுக்குக் கடல் கிடையாது.
கிணறு: குழாயில் சிவப்பாக மண் வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.
ஊற்று மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்றார்கள்.
உயிர்: இந்தக் கட்டம் போதாது.

அப்போது அவளுக்கு ஐந்து வயது இருந்திருக்கும்.
ஸ்ட்ராபெர்ரி பறிக்க அப்பா இங்கே வந்தது
அதற்கு அப்புறம்.

மணி அடித்தும் அவள் போகவில்லை.
"இதை யாருக்கு அனுப்பணும், சார்?"

பங்குத் தந்தைக்கு ஒரு விலாசம் இருந்தது.
நான் என்னென்னவோ சொன்னேன்:
காப்பகம், தேடிப் பார்க்கலாம், உன் நாட்டிலும் இருக்கும்.
அவள் தலையாட்டினாள், பிள்ளைகள்
ஆசிரியரைக் காப்பாற்ற ஆட்டுவார்களே, அப்படி.

ஆசிரியர் அறையின் பழைய ஸ்கேனரில்
தாளைக் கவிழ்த்து வைத்தேன்.
வெளிச்சம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
மெதுவாக ஊர்ந்தது.
கோப்புக்கு என்ன பெயர் என்று கேட்டது.

அவளைத்தான் கேட்க வேண்டும்.
நாளை சனிக்கிழமை.