இருபத்து நான்காம் எண் வீடு

கிளாக்ஸ்விக் படகுக் கொட்டகை, விடாத மழை.
சாளரம் வழியே குதித்து உள்ளே வந்தோம்
நானும் ரன்வாவும்.
அட்டை காட்டினால் கதவு திறக்க வேண்டிய பலகை
நேற்றிலிருந்து ஊமை.
சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது.

சின்னக் கணினியில் தேடச் சொன்னால்
திரை முழுக்கக் கோடு, கோடு, கோடு.
ஆளில்லாத தெருவில் தபால்காரனைப் போல நின்றேன்.

கம்பிகளை இடம் மாற்றிக் குத்தினேன்.
மின்சாரம் அளந்தேன்: மூன்று புள்ளி மூன்று, குறையில்லை.
அணைத்து ஏற்றினேன், அணைத்து ஏற்றினேன்.
"சாவிக்கு என்ன குறைச்சல்?"
வெளியிலிருந்து பௌல்.
போன மாதம் சாவியைக் கடலில் போட்டவன்.

ரன்வா பலகையை வெளிச்சத்தில் சாய்த்தாள்.
மஞ்சள் ஒட்டுத்தாளுக்கு அடியில்
எள்ளளவில் இரண்டு சுவிட்சுகள்.
நான் ஒரு மொழியில் கூப்பிட,
அது வேறொரு மொழிக்குக்
காது கொடுத்துக் காத்திருந்திருக்கிறது.
காய்ந்த மீன்முள்ளால் ஒன்றை மேலே தள்ளினாள்.

மறுபடி அணைத்து, ஏற்றி, தேடல்.
கோடுகளுக்கு நடுவே
ஒரே ஒரு வீட்டில் ஆள்:
24.

பௌலின் அட்டையை வைத்தேன்.
டக்.

கதவைத் தள்ளினால்
மழைதான் நின்றிருந்தது.
பக்கத்துக் கொட்டகைக்காரர்களின் படகில்
எட்டுத் துடுப்புகள்,
வளைகுடா தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.