இரட்டைப் பதிவு

ஷார்ஜா ரோலாவில், அச்சகத்தின் பின்னறையில்
மூன்று பட்டியல்களை ஒன்றாக்கினோம்:
பள்ளிவாசலுடையது, மாதா கோவிலுடையது, எங்கள் சங்கத்துடையது.
ஏசி ஒழுகியது. பெயின்ட் வாளியை நகர்த்திக்கொண்டே
யாகப்பன் வாசித்தார்.
ஜுலைகா, கதவு எண் 304:
இரண்டு தாளில் இருந்தாள்.
பச்சை மையால் ஒன்றை அடித்தேன்.
நியாயம்தானே, என்றார்கள்.

வெள்ளிக்கிழமை ஒரே பெட்டி.
அரிசி, மைசூர் பருப்பு, பால்மாவு டின்.
வாங்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள்.
"இன்னொண்ணு லிஃப்ட்ல வருதா?"

இல்லை என்றேன்.
எதிர்க்கதவைப் பார்த்தாள்.
விசா முடிந்தவர்கள்,
எந்தத் தாளுக்கும் பெயர் கொடுக்காதவர்கள்.
உள்ளே ஒரு பிள்ளை இருமியது.

நடைபாதையிலேயே உட்கார்ந்து பெட்டியைப் பிரித்தாள்.
டம்ளரால் அளந்து அளந்து போட்டாள்.
நான் பையை
விரித்துப் பிடித்திருந்தேன்.