டோக்கன் கவுண்டர், மண்டபம்

திங்கள், புதன், சனி
விசைப்படகு போகும் நாட்கள்.
விடியற்காலை ஐந்துக்கு ஷட்டரைத் தூக்குவேன்.
மேசையில் முத்திரை, மைப்பெட்டி,
நாளிதழ் அட்டை போட்ட
எம்.எஸ்சி. உளவியல், இரண்டாம் ஆண்டு.

நாற்பத்து மூன்று வயதில்
அடிக்கட்டைகளின் பின்புறம்
மூளை வரைந்து பழகுகிறேன்.
ஹிப்போகாம்பஸை எட்டிப் பார்த்த ஒருவன்
"கடல்குதிரை மாதிரி இருக்கே, பிடிச்சா கேஸு சார்" என்றான்.
"மனசு படிக்கிறாராம்" என்று வரிசையில் சிரிப்பு ஓடும்.
"எங்க, என் மனசுல என்ன இருக்கு?"
"டீசல் விலை."
பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும்.

ஞாயிறு மதுரையில் வகுப்பு.
பாசஞ்சரில் பரமக்குடிவரை தூக்கம்,
மானாமதுரைக்கு மேல் பாடம்.
"சம்பளம் கூடுமா?" என்றாள் கோமதி.
கூடாது.
"பிறகு?"
அந்தப் பிறகுக்கு இன்னும் பாடம் வரவில்லை.

ஒரு புதன்கிழமை
டிரைவர் அடைக்கலம் வந்து நின்றார்.
ஏழு மாதம் அக்கரைச் சிறையில் இருந்தவர்.
பேனாவை நீட்டினேன்.
கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது.

அதற்குப் பெயர் தெரியும் எனக்கு.
இருநூற்றுப் பதினான்காம் பக்கம்,
மஞ்சள் மை தடவி வைத்திருக்கிறேன்.
தெரிந்தும் முத்திரை குத்தினேன்.
அவர் வீட்டில் அடுப்பு
கடல் நாளைப் பார்த்துத்தான் எரிகிறது.

நேர்வு ஆய்வுக்கு இருபத்தைந்து மதிப்பெண்.
கேட்கலாமா என்று ஒரு மாதம் தயங்கி
தடைக்காலத்தில், வலை பொத்திக்கொண்டிருந்தவர் முன்
படிவத்தோடு உட்கார்ந்தேன்.
பதினெட்டுக் கேள்வி.
ஒன்றுக்கும் பதில் இல்லை.
ஊசியைப் பல்லில் கடித்தபடி, தானாக,
"அங்கயும் அஞ்சு மணிக்குத்தான் எண்ணுவாங்க சார்.
பேரு கெடையாது, நம்பருதான்.
நீங்க கூப்புடுறப்ப..."
முடிக்காமல் அடுத்த கண்ணிக்குப் போய்விட்டார்.

பதினொரு வருடமாக
நான் கூப்பிடுகிற குரல்.

தடை முடிந்த முதல் கடல்.
இருநூற்று ஆறு படகு.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
வரிசை நகரவில்லை.
"என்ன சார், மொய் நோட்டா வாசிக்கிறீங்க?"
பின்னாலிருந்து விசில்.
ஏழேகால் ஆகிவிட்டது.
மேலதிகாரி எழுத்தில் விளக்கம் கேட்டார்.
அடைக்கலம் என்றேன்.
வந்தார்.
கை ஆடியது.
முன்னைவிடக் குறைவா, தெரியவில்லை;
அளக்க என்னிடம் முத்திரை மட்டும் இருந்தது.

ஆய்வேட்டைத் திருத்தியவர்
சிவப்பில் எழுதியிருக்கிறார்:
மாதிரி அளவு ஒன்று. போதாது.
பதினான்கு மதிப்பெண்.
புள்ளியியல் தாள் வேறு பாக்கி.

நாளை சனிக்கிழமை.
கணினி எண்களை மட்டுமே அச்சடிக்கிறது.
பக்கத்தில் பேனாவால்
பெயர்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்,
நூற்றுப் பன்னிரண்டு ஆயிற்று.