குளிர்ந்த குழல்

பள்ளத்தூருக்குத் தெற்கே
செம்புறாங்கல் வெட்டிமுடித்துக் கைவிட்ட குழிதான்
எங்கள் கழகத்தின் சுடுதளம்.
ஐம்பது மீட்டர். அப்பால் கல்லே சுவர்.
காற்றறிய மூன்று குச்சி நட்டு
மூன்றிலும் கிழிந்த கண்டாங்கியின் கரைத்துண்டு.

பெட்டியைத் திறந்தேன்.
எண்ணெய் வாசத்தோடு
இரண்டு வருடச் சீட்டுப்பணம் எழுந்து பார்த்தது.

சேவுகன் மரக்கடைக்காரன்.
புது ரைஃபிளை வாங்கியதும்
குழலை நோக்கவில்லை, குறிக்கண்ணை நோக்கவில்லை.
உத்தரம் விலைபேச வந்தவன்போல்
கட்டையை விரல்முட்டியால் தட்டினான்.
"தேக்கில்லை."
"வால்நட்."
"அதான் சொன்னேன், தேக்கில்லை."

நின்று தூக்கினால் மூக்குக் கனம்.
பத்து எண்ணுவதற்குள் முனை தலைகுனிகிறது,
முதல்நாள் மருமகள்போல;
நாலு நாளில் நிமிர்ந்துவிடும், பார்க்கலாம்.
விசையில் வெறும் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு
சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் ஊற்றினோம்.
சொடுக்கியதும் நிறுத்தோம்: ஒன்றேகால் கிலோ.
ஒரு கூறு கத்தரிக்காய்.
என் சுட்டுவிரல் தினம் தூக்குவதுதான்.

இந்தச் சின்னத் தோட்டாவுக்கு
நடுவில் உயிர் கிடையாது.
பித்தளை விளிம்பில் ஊசி கொத்தினால்தான் வெடிக்கும்.
ஓரத்தில் அடிவாங்கிக்கொண்டு
நடுவுக்குப் போ என்கிறோம் அதை.

மணல்மூட்டை. மூச்சு பாதி.
விலைகூடிய சிவப்புப் பெட்டி ஐந்து,
பந்தியில் சிந்திய பருக்கைகள்.
நீலப் பெட்டி ஐந்து, பரவாயில்லை.
கடைக்காரர் கொசுறுபோல் நீட்டிய மஞ்சள் பெட்டி
ஐந்தும் விழுந்த இடத்தை
ஒரு ரூபாய்க் காசு வைத்து மூடிவிட்டோம்.
நம்பாமல் இன்னொரு தாள் மாட்டினான் சேவுகன்.
நாலு போனது. நாலும் ஒரே ஓட்டை.

ஐந்தாவதற்கு விரல் வைக்கும்போது
குழிக்குள் இறங்கிற்று ஒரு மயில்.

"நிறுத்து!"
பூட்டைத் திறந்தேன், தோட்டாவை எடுத்தேன், கையை எடுத்தேன்.
அது இலக்குப் பலகைவரை நடந்தது,
தணிக்கைக்கு வந்த அதிகாரியாட்டம்
தாளின் ஓரத்தைக் கொத்திப் பார்த்தது,
தோகையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தது,
மறுபடி போனது.
பிளாஸ்க்கில் தேநீர் தீர்ந்தது.
சேவுகனுக்குக் கடையிலிருந்து மூன்று போன்.

இருபது நிமிடம் கழித்து ஐந்தாவது.
ஒரு விரல் மேலே!

"இழுத்துட்டீங்க ஆச்சி."
இழுத்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன்.
அவமானத்தைத் தேநீர்க் கசடோடு விழுங்கினேன்.
பிறகு பழைய தாள்களைப் புரட்டினால்
காலையின் முதல் தோட்டா,
அதுவும் ஒரு விரல் மேலே.

இப்போது மயில் இல்லை. வேண்டுமென்றே காத்திருந்தோம்.
குழலைத் தொட்டுப் பார்த்தேன்,
காய்ச்சல் விட்ட நெற்றி.
ஒன்றே ஒன்று சுட்டேன்.
மேலே.

நோட்டில் எழுதினேன்:
குளிர்ந்த குழலின் முதல் தோட்டாவை நம்பாதே.
கோளாறு இல்லை, குணம்.
எட்டிப் படித்த சேவுகன் சொன்னான்,
"ஒங்க வீட்லயும் இதத்தான் சொல்றாக,
காலையில மொதப் பேச்சு மேல போகுமாமே."
பதில் சொல்லவில்லை.
குழல் சூடாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

பதிவேட்டில் சுட்டது இருபத்தொன்று.
உள்ளங்கையில் காலிக்கூடு இருபது.
இன்னொரு முறை எண்ணினோம். இருபது.
இருவரும் முழங்கால் போட்டு
பித்தளை நிறத்தில் வெயில் கொதித்த செம்மண்ணில்
தேடத் தொடங்கினோம்.