நாலாம் கால்

மூக்கருகே கொண்டுபோனாலே தெரிகிறது,
முகத்துவாரத்தில் மூழ்கிய போர்டு.
கடலின் உப்பு ஒரு வாடை,
உப்பனாற்றுச் சேறு கலந்த உப்பு வேறொரு வாடை.
செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. டிஸ்பிளே கறுத்துவிட்டது.
"ஜிபிஎஸ் செத்தா சாவட்டும்க்கா,
உள்ள இருக்கிற பாயிண்டெல்லாம் வேணும்"
என்கிறான் தாழங்குடா அஞ்சாபுலி.
இருநூற்றுப் பதினாலு இடங்கள்.
எங்கே பார், எங்கே சேறு,
ஐப்பசியில் வஞ்சிரம் எந்தப் பக்கம்.
"பாகம் பிரிக்கிறப்ப எஞ்சினு அண்ணனுக்கு,
படகும் இதுவும் எனக்கு."

அத்தனையும் இருப்பது
துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய சிப்பில்.
எட்டுக் கால்.

முதல் வேலை ஃபேனை நிறுத்துவது.
பொன்னுருகக் காயும் புரட்டாசி;
என் கடைக்கு ஈயம் உருகினால் போதும்.
துறைமுகக் காற்று வராமல் ஷட்டரைப் பாதி இறக்குகிறேன்.
சுற்றிலும் மஞ்சள் டேப், ஒரு சொட்டு ஃப்ளக்ஸ்,
பழைய ஈயத்தின் மேல் புது ஈயம்.
எடுக்கத்தானே போகிறாய், எதற்கு இன்னும் வைக்கிறாய்
என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள்.
பழையது தனியே இளகாது.
புதியது முந்தி உருகி அதைக் கூட்டிவரும்.

முன்னூற்றைம்பது டிகிரி.
ஹாட் ஏர் முனை வட்டம் போட்டபடி இருக்கிறது,
நின்றால் போர்டு கொப்பளிக்கும்.
ஏழு கால் விட்டுவிட்டது, நனைந்த பளபளப்பு.
நாலாம் கால் மட்டும் மங்கலாகவே.
அது கிரவுண்ட் கால்.
அடியில் அகலமான செம்பு,
கொடுக்கிற சூட்டையெல்லாம் குடித்துவிட்டு
இன்னும் என்கிறது.

இங்கேதான் கை அவசரப்படும்.
நெம்பினால் வராமலா போகும்?
வரும், அடியிலிருக்கும் செம்பையும் உரித்துக்கொண்டு.
அப்படி நான் கெடுத்த பதினேழு போர்டுகள்
ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

ட்வீசர் முனையால் தொடுகிறேன், அவ்வளவுதான்.
நகரவில்லை.
வேர்வை கண்ணாடிக்குள் இறங்குகிறது.
மறுபடி தொடுகிறேன்.
மிதந்து கொஞ்சம் விலகி
தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கிறது.
இப்போது.

சாயங்காலம் பூவராகன் வந்தார்,
கையில் ஒரு டார்ச்சோடு.
"சுவிட்சு லூசா இருக்கு, பாருங்க."
லூசாக இல்லை.
ரீடரில் பொருத்திய சிப்பிலிருந்து
திரையில் எண்கள் ஊறிக்கொண்டிருந்தன. நெடுநேரம் பார்த்தார்.
"அறுபத்தொண்ணு வந்திருச்சா?"
வந்திருந்தது.
"அது மீனுக்குப் போட்டதில்ல.
அடியில ஒடஞ்ச பார்ஜ் ஒண்ணு கெடக்கு.
வலை மாட்டுனா விடாது, இழுத்தா படகு சாயும்.
பாயிண்டு போட்டேன், ஏன்னு போடல.
அவனுக்குத் தெரியாது."
"நீங்களே சொல்லலாமே."
டார்ச்சை எரியவிட்டார். அணைத்தார். எரியவிட்டார்.
"நல்லாத்தான் இருக்கு" என்று
எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ரசீது எழுதினேன்.
சிப் எடுத்தது, வேறு போர்டில் வைத்தது, எழுநூறு.
அதற்குக் கீழே, 61இல் வலை போடாதே.
அஞ்சாபுலி படித்தான்.
யார் சொன்னது என்று கேட்பானென இருந்தேன்.
ரசீதை நாலாய் மடித்து
செல்போன் கவருக்குள் செருகிக்கொண்டான்.
படியிறங்கிப் போனவன் திரும்பி வந்தான்.
"அந்த எஞ்சினு எப்படி ஓடுதாம்?"
எனக்கு எஞ்சின் தெரியாது என்றேன்.

பழைய போர்டை அவன் கேட்கவில்லை.
லென்சை இறக்கிப் பார்த்தேன்.
ஈயம் துடைத்த எட்டு இடமும் உரியாமல், வெள்ளையாக.
இனி அதில் யாரும் எதையும் வைக்கப்போவதில்லை.
இருந்தாலும் ஒருமுறை எண்ணிவிட்டுத்தான்
ஃபேனைப் போட்டேன்.