இரவு இரண்டுக்கு மாலை நாலரை

ஊர் திரும்பிய அந்த வாரம் முழுக்க
பெட்டிகள் ஹாலிலேயே நின்றன,
கைப்பிடியில் விமானச் சீட்டு தொங்க.
யாரும் உட்காரச் சொல்லாத விருந்தாளிகள்.

இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு.
அடுத்த அறையில் ஸ்விட்ச் போடும் சத்தம்.
அவருக்கும்தான்.
"நியூயார்க்ல இப்ப சாயந்தரம் நாலரை" என்பார்,
அங்கே ஏதோ ஆபீஸ் முடிந்து கிளம்புகிறவர் மாதிரி.

தனித்தனி அறையில் படுக்கத் தொடங்கி
ஒன்பது வருஷம்.
குறட்டை என்று காரணம் சொல்லிக்கொண்டோம்.
யார் குறட்டை என்பதில்
இன்றுவரை உடன்பாடில்லை.

பதினான்கு நாள், ஏழு ஊர்.
படமெல்லாம் அவர் போனில்.
போன் நயாகராவில்.
நீல மழைக்கோட்டுக்குள்ளிருந்து கையை நீட்டி
என்னையும் அருவியையும்
ஒரே சட்டத்துக்குள் அடக்கப் பார்த்தார்.
இரண்டில் ஒன்று அடங்கவில்லை.

ஆகவே மஞ்சக்குப்பத்தில் விசாரிப்பவர்களுக்கு
எங்கள் அமெரிக்கா வெறும் வாய்மொழி.
வாயோ இரண்டு.
கிராண்ட் கேன்யனில் மழை என்கிறார் அவர்.
என் மூக்கில் இன்னும் தோல் உரிகிறது.
லாஸ் வேகஸில் விட்டது நாற்பது டாலர் என்கிறார்.
எண்பது.
நான் பதினோரு டாலர் ஜெயித்ததை
நானும் சொல்லவில்லை.
வெள்ளை மாளிகை வேலிக்கு வெளியே நின்று
"இவ்வளவுதானா?" என்று ஒரே நேரத்தில் கேட்டது மட்டும்
இருவருக்கும் ஒரே மாதிரி ஞாபகம்.

நெவாடாவில் ஆறு மணி நேரம் பஸ்.
மடியில் டூர்க்காரர் கொடுத்த தக்காளி சாதம்,
கண்ணாடிக்கு வெளியே
ஒரு ஆடு மேய்க்கக்கூட ஆளில்லாத நிலம்.
தோளும் தோளும் இடித்தன. பேசவில்லை.
சண்டை ஒரு குடைக்காக.
குடைக்காக இல்லை.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் கேட்பதில்லை.
வந்து இறங்கிய அன்று பாஸ்போர்ட் பார்த்த பையன்
என் பெயரில் 'அஞ்ச' வரை வந்து நின்றுவிட்டான்.
பக்கத்திலிருந்து இவர்
நிறுத்தி, எழுத்தெழுத்தாகச் சொன்னார்:
அஞ்சலாட்சி.
'இந்தா', 'ஏய்', 'கேட்டியா' எல்லாம் தாண்டி
அந்தப் பெயர் அவர் வாயில் இருந்திருக்கிறது.

ஐந்தாம் இரவு, மூன்று மணி.
"வா, சும்மா ஒரு சுத்து."
ஸ்கூட்டர்.
கெடிலம் பாலத்தில் நிறுத்தி, டூர்க்காரர் குரலில்:
"இடது பக்கம் பாருங்க, கெடிலம் ஆறு.
பத்து நிமிஷம் போட்டோ டைம்."
ஆகாயத்தாமரைக்கு நடுவில்
ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர்.
அதில் பாலத்து விளக்கு ஒன்று.
போட்டோ எடுக்க எங்களிடம் எதுவுமில்லை.
பத்து நிமிஷமும் நின்றோம்.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் டீ.
சிப்காட் பக்கமிருந்து காற்று,
அந்த வாடை; மூக்கைப் பொத்தாமல்
"வந்தாச்சு" என்றார்.

முதுநகர்த் துறைமுகத்தில்
ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.
சங்கரா மீன் கூடைக்காரி ஏற இறங்கப் பார்த்தாள்.
"இந்நேரத்துல எங்கிருந்து வரீங்க?"
"அமெரிக்காவிலிருந்து."
அவள் சிரிக்கவில்லை.
"அங்க மீன் என்ன வெல?"

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.
ஏழு ஊர், நாலு லட்சத்துச் சொச்சம்,
இதைக் கேட்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.
கிலோவுக்கு இருபது ரூபாய் ஏற்றித்தான் கொடுத்தாள்.
வெளியூர்க்காரர்களிடம் வாங்குவது நியாயம்தானே.

திரும்பும்போது அவர் முதுகிடம் சொன்னேன்:
பதினோரு டாலர்.
ஸ்கூட்டர் கொஞ்சம் ஆடியது.
"எனக்குத் தெரியும்" என்றார்.
"விட்டது எண்பது."
"எனக்கும் தெரியும்."

எட்டாம் இரவு.
இரண்டு மணிக்கு விழித்தேன். அடுத்த அறை இருட்டு.
சுவர் வழியாகக் குறட்டை.
ஒன்பது வருஷ வழக்கு
அந்த நிமிஷம் தீர்ந்தது. அவருடையதுதான்.

எழுந்து ஸ்விட்சைப் போட்டேன்.
அணைத்தேன்.
இன்னும் கொஞ்சம் சத்தமாகப் போட்டேன்.